கல்லும் செம்பும் காத்த கணக்கு

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தனாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குப் புகட்டப்பட்ட பாடம் ஒன்றுண்டு. பேரேட்டில் எண் பிழைபட்டால் அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது. பழைய எண் படிக்கத்தக்க நிலையிலேயே இருக்க, அதன்மேல் ஒரு கோடிட்டு, சரியான எண்ணை அருகில் எழுதி, நாளுடன் சுருக்கொப்பம் இடவேண்டும்.

நம் துவாரகாக் குடியிருப்பினின்று நாள்தோறும் குருகிராமத்துக் கணினி நிறுவனங்களுக்குச் சென்றுவரும் இளைஞர் சிலரிடம் இதனைக் கூறினேன். "எங்களுக்கும் இதுவே முறை, ஐயா" என்றனர். 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் ஆக்கிய 'கிட்' என்னும் கருவி, நிரலின் எந்த வரியை யார், எந்நாளில் மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்குமாம். முந்தைய வடிவமும் மறையாதாம். தம் கணினியில் தனியே வைத்திருக்கும் விரிதாளிலோ புதிய எண்ணை இட்டுச் சேமித்து மூடினால், பழைய எண் பெரும்பாலும் போனதுதான். கருவிக்குக் கருவி இவ்வாறு வேறுபடுதலைக் கேட்டபொழுது என் நினைவு சோழநாட்டின்பாற் சென்றது. அங்கும் ஓலை, கல், செம்பு என்னும் மூன்று கருவிகள் இருந்தன அல்லவா?

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை அறியாத தமிழர் சிலரே. குடவோலைத் தேர்தலின் பெருமையை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆயின் அங்குள்ள கல்வெட்டுகள் இரண்டு என்பதைப் பேசுவோர் அரியர். முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் வெட்டப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 921இல், அவை திருத்தப்பட்டன. முன்னது முப்பது முதல் அறுபது வரை என்று வகுத்த வயதெல்லையைப் பின்னது முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாற்றியது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கும் விதியைப் பின்னது விரிவாக உரைக்கின்றது. புதிய விதி வந்ததென்று பழைய கல்லை எவரும் கொத்தி எறியவில்லை. ஆகவேதான் என்ன மாறிற்று என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் ஒப்பிட்டுக் காண்கிறோம்.

இதன் அருமை எனக்குப் பட்டறிவால் விளங்கிற்று. ஓர் அலுவலகத்துக் கணினியில் என் தந்தையார் பெயரின் எழுத்தொன்று மாறியிருந்தது. மாற்றியவர் யார், எப்பொழுது, எதன்பேரில் என்பதற்குச் சுவடே இல்லை. "இப்பொழுது இருப்பது இதுதான்" என்பதே கிடைத்த விடை. அவர் பெயர் அவர் பெயர்தான் என்று மெய்ப்பிக்க ஏழு மாதங்கள் அலைந்தோம்.

செப்பேட்டுக்கு வருவோம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 அளவில், வழங்கினான். அரசன் வாயாற் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுத, திருமந்திர ஓலைநாயகம் ஒப்பிட்டுச் சான்றளிக்க, பின்னர் அது வரிப்பொத்தகத்தில் ஏறியது. எழுதியவர், ஒப்பிட்டவர், பதிந்தவர் என ஒவ்வொரு படிக்கும் பொறுப்பாளர் உண்டு. ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்திக் குறித்தனர். இராசராசன் மறைந்தபின் அவன் மைந்தன் இராசேந்திரன் இவ்வறத்தைச் செம்பில் பொறிப்பித்தான். இருபத்தொரு ஏடுகள்! பின்னாளில் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையின் இவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

1090 அளவில் கடாரத்துத் தூதர் வேண்ட, முதற் குலோத்துங்கன் விகாரத்து ஊர்களுக்குச் சில வரிகளை நீக்கினான். அப்பொழுதும் பழைய ஏட்டில் கைவைக்கவில்லை; தனியே மூன்று ஏடுகள் எழுதப்பட்டன. நம் இருப்புப்பாதை விதிநூல்களுக்கு அவ்வப்பொழுது வரும் திருத்தச் சீட்டுகளை ஒட்டிப் பழகிய எனக்கு இம்மூன்று ஏடுகள் மிகவும் நெருங்கிய உறவாகத் தோன்றுகின்றன.

கல்லுக்கும் ஓர் இடர் உண்டு. கோயிலைப் புதுக்கினால் எழுத்தும் இடியும். கொள்ளிடத்தின் வடகரைத் திருமழபாடியில் அத்தகைய நிலை வந்தது. விமானத்தைப் பிரித்து மீண்டும் கட்டுமாறு இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் பணித்தான்; அதன் முன்னர்ச் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கவும் ஆணையிட்டான். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 அளவில், அப்படிகளைக் கொண்டு புதிய சுவரில் அவற்றை மீண்டும் வெட்டினர். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அக்கோயிலின் நிலமும் விளக்கும் பொன்னும் பற்றிய கணக்கெல்லாம் அந்தப் புத்தகத்தையே நம்பி இருந்தன. பிற கோயில்களிலும் இவ்வாறு மறுபடி வெட்டியவற்றைப் 'பழங்கல்படி' என்று குறித்தே வெட்டினர். மூலமன்று, படி என்பதைப் படிப்பவனுக்கு மறைக்கவில்லை.

சோழரின் வரிப்பொத்தகங்களுள் ஒன்றேனும் நம் கைக்கு எட்டவில்லை. கரையானும் ஈரமும் கொண்டு போயின. திருமழபாடிச் சுவர் நிற்கின்றது.