களிமண் சொன்ன தீர்ப்பு

விருத்தாசலம், கம்மாபுரம் பக்கம் போய்க் களிமண்ணின் அருமையை எடுத்துச் சொன்னால் சிரிப்பார்கள். பீங்கான் தொழிற்பேட்டையே வைத்திருக்கும் வட்டாரம் அது! ஆனால், அதே களிமண் ஒருமுறை நீதிபதியாகி, ஐரோப்பாவின் மகா மேதைகளுக்குள் நடந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன கதை தெரியுமா உங்களுக்கு?

வழக்கு இதுதான்... ஓடுகிற ஒரு பொருளிடம் எவ்வளவு சக்தி இருக்கிறது? அதை எப்படி அளப்பது?

பிரெஞ்சு மேதை டெகார்ட்டே 1644-ல் ஒரு கணக்குச் சொன்னார். பொருளின் அளவை வேகத்தால் பெருக்கு, முடிந்தது! வேகம் இரண்டு மடங்கானால் சக்தியும் இரண்டு மடங்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'உந்தம்' என்று படித்தோமே, ஏறக்குறைய அது.

1686-ல் ஜெர்மனியின் லைப்னிட்ஸ் 'தப்பு!' என்று எழுந்தார். வேகத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும். அதாவது, வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு! கால்குலஸ் தகராறில் பின்னாளில் லைப்னிட்ஸ் மேல் கடுப்பான நியூட்டனின் சீடர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்ன? சண்டை பல வருஷம் நீண்டது.

கிராவெசாண்டே என்பவர் ஹாலந்தின் லைடன் நகரத்துப் பேராசிரியர். நியூட்டன் கட்சிக்காரர்தான். 1722-ல் அவர் மெத்தென்ற களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானபோது, களிமண்ணில் விழுந்த பள்ளம் நான்கு மடங்கு! மனிதர் வீம்பு பிடிக்கவில்லை. கண்ணால் கண்டதை ஒப்புக்கொண்டு லைப்னிட்ஸ் பக்கம் வந்துவிட்டார்.

இந்தச் சோதனையைப் பிரான்ஸில் தூக்கிப் பிடித்தவர் ஒரு பெண். எமிலி து ஷாட்லே. வால்டேரின் காதலி என்று மட்டும் அவரைச் சொல்வது அநியாயம். 1740-ல் வந்த தன் இயற்பியல் புத்தகத்தில், பாரீஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மெரானையே கேள்வி கேட்டார். 1749-ல், பிரசவமான சில நாட்களில் இறந்துபோனார். வயது 42.

அப்படியானால் டெகார்ட்டே முட்டாளா? அதுவும் இல்லை. பி.காம். படித்தவன் பாஷையில் சொல்கிறேன். ஒரே கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம் உண்டல்லவா? அது மாதிரிதான். விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்று எழுதினால் உந்தக் கணக்கு. எவ்வளவு தூரம் செயல்பட்டது என்று எழுதினால் ஆற்றல் கணக்கு. இந்த இரண்டாவது பேரேட்டுக்கு 'வேலை' என்று பெயர் வைத்து, சூத்திரத்தில் அந்தப் பிரபலமான 'அரை'யையும் சேர்த்தவர் கொரியோலிஸ், 1829-ல்.

'சரி, இதனால் எனக்கென்ன?' என்கிறீர்களா? விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரத்துக்குக் காரில் போகிறீர்கள். வேகம் 40 கிலோமீட்டர். நல்ல காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். அதே பிரேக்கை 80-ல் பிடியுங்கள். நிற்க ஆகும் நேரம் இரண்டு மடங்குதான். ஆனால் தூரம்? சுமார் 36 மீட்டர்!

குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், நம் மனசு டெகார்ட்டே கணக்கைத்தான் போடும். 'இரண்டு மடங்கு வேகம்தானே, சமாளித்துவிடலாம்' என்று. ரோடோ லைப்னிட்ஸ் கணக்கில்தான் வசூல் செய்யும்.