பிரேக் காலிப்பர்: துருவில் தொடங்கி சிவப்புப் பெயிண்ட் வரை

சாலையில் போகும் சில கார்களின் வீல் இடுக்கு வழியே பளிச்சென்று சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு உலோகத் துண்டு தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். அதன் பெயர் காலிப்பர். பள்ளிக்கூட இயற்பியல் லேபில் வெர்னியர் காலிப்பர் பிடித்தவர்களுக்குப் பெயர்க் காரணம் உடனே புரிந்துவிடும். அந்தக் கருவி குண்டையும் கம்பியையும் இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடிப்பது போல, இது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துகிறது. அவ்வளவுதான் விஷயம்!

இன்று பலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வீலைக் கழற்றி இதற்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வெறும் அழகு வேலை போலத் தோன்றும். ஆனால் இதன் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது.

கீச்சென்று கத்திய கண்டுபிடிப்பு

ஃபிரடெரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் கார் செய்த பொறியாளர். 1902ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சுழலும் தட்டு, அதை இருபுறமும் கவ்வும் தாடைகள் என்று இன்றைய அமைப்பின் சாரம் முழுவதும் அதில் இருந்தது.

சிக்கல், தட்டைக் கவ்வும் பரப்பில். அதற்கு அவர் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உரசினால் என்ன ஆகும்? காதைக் கிழிக்கும் சத்தம்! போதாக்குறைக்கு அந்தக் காலத்துப் புழுதிச் சாலையில் செம்பு சீக்கிரம் தேய்ந்தும் போனது. அதே 1902ல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைச் செம்மைப்படுத்தினார். மூடிய டிரம்முக்குள் தூசி அவ்வளவாகப் போகாது, விலையும் குறைவு. சந்தை டிரம் பக்கம் சாய்ந்தது.

உரசும் பொருள் என்ற பிரச்சினையைத் தீர்த்தவர் இன்னொருவர், ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட். இவருடைய ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் சத்தத்தையும் தேய்மானத்தையும் குறைத்தது. ஆனால் அந்த லைனிங்கால் பெரிய லாபம் அடைந்தது டிரம் பிரேக்தான். லான்செஸ்டர் 1946ல் காலமானார். அவருடைய யோசனை கார் உலகத்தை ஜெயித்ததைப் பார்க்க அவர் இல்லை.

உப்பு செய்த வேலை

டிரம் பிரேக்கின் பெரிய எதிரி சூடு. மலைச் சரிவில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடாகி விரிவடையும், உள்ளே இருக்கும் ஷூ சரியாக உரசாது, மிதி பள்ளத்தில் இறங்குவது போல இறங்கும். டிஸ்க்கோ திறந்த வெளியில் இருப்பதால் காற்றுபட்டு ஆறிவிடும். வேகமும் எடையும் அதிகமான விமானங்களுக்கு இது தேவைப்பட்டது. இரண்டாம் உலகப்போரை ஒட்டி விமானச் சக்கரங்களில் வளர்ந்த டிஸ்க் பிரேக், போருக்குப் பிறகு கார்களுக்குத் திரும்பி வந்தது.

1949ல் அமெரிக்காவின் சிறிய கார் நிறுவனமான கிராஸ்லி, ஹாட்ஷாட் என்ற மாடலில் டிஸ்க் பிரேக் பொருத்தியது. நல்ல யோசனைதான்... ஆனால் போதுமான அளவு சோதித்துப் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் பனி உருக வேண்டும் என்பதற்காக அங்கே சாலையில் உப்பு தூவுவார்கள். உப்புத் தண்ணீர் பட்டு பிரேக் பாகங்கள் அரித்து, அசையாமல் இறுகிக்கொண்டன. சீக்கிரமே கிராஸ்லி டிரம்முக்கே திரும்பியது.

இன்று வீட்டில் காலிப்பருக்குப் பெயிண்ட் அடிப்பதன் நிஜமான காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. திறந்து கிடப்பதுதான் டிஸ்க் பிரேக்கின் பலம். அதுவேதான் அதன் பலவீனமும்!

பந்தயக் களத்தில் தீர்ப்பு

பிரிட்டனில் டன்லப்பும் ஜாகுவாரும் சேர்ந்து பொறுமையாகச் சோதித்தன. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டினார். பிரேக் திரவம் கொதிப்பது உட்பட ஒவ்வொரு கோளாறாகச் சரிசெய்தார்கள். 1952ல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஸ்டிர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப்பில் வென்றார். 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி அதே வகைக் காரில் முதலிடம் பிடித்தது. சராசரி வேகம் மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. மற்றவர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்த வளைவுகளில் ஜாகுவார் கடைசி வரை வேகத்தைப் பிடித்து வைத்திருக்க முடிந்தது.

அதே லெ மானில் 1955ல் நடந்தது வேறு. மைக் ஹாதார்ன் தன் ஜாகுவாரை பிட் பக்கம் திருப்பி பிரேக் பிடித்தார். பின்னால் வந்த லான்ஸ் மாக்லின் விலகினார். அவருடைய கார் மீது பியேர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் ஏறி, பார்வையாளர் கூட்டத்துக்குள் சிதறியது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். குறுகலான பாதை, மோசமான பிட் அமைப்பு என்று காரணங்கள் பல. கூடவே சொல்லப்படும் ஒன்று: டிஸ்க் பிரேக் உள்ள ஜாகுவார் சட்டென்று வேகம் குறைந்தது, பின்னால் டிரம் பிரேக்கோடு வந்த மெர்சிடிஸால் அப்படி முடியாது. நல்ல பிரேக் ஒரு காரில் மட்டும் இருந்தால் சாலையே பாதுகாப்பாகிவிடாது என்பதுதான் இதில் உள்ள கசப்பான பாடம்.

அதே 1955ல் சித்ரோயன் டிஎஸ் கார் முன் டிஸ்க் பிரேக்கைப் பெரும் எண்ணிக்கையில் பொதுமக்களிடம் கொண்டு போனது. இந்தியாவில் டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் கர்லிங்கும் கைகோர்த்து 1962ல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. சென்னை பாடியில் பிரேக் தொழில் வேரூன்றிய கதை அதில் அடங்கும்.

வாசலுக்கு வந்த வேலை

கார் பெருகியது, மெக்கானிக் கூலியும் ஏறியது. பிரிட்டனில் ஜான் ஹெய்ன்ஸ் ஒரு காரை அக்கக்காகக் கழற்றி, ஒவ்வொரு படியையும் படம் எடுத்து, மறுபடி மாட்டிக் காட்டும் புத்தகங்களை வெளியிட்டார். 1966ல் வந்த முதல் புத்தகம் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காருக்கானது. பேட் மாற்றுவது, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவது எல்லாம் சாதாரண மனிதர் கைக்கு வந்தன.

ஒரு ஆபத்தும் கூடவே வந்தது. பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலத்தில், அதைக் காற்றடித்து ஊதித் தள்ளுவது வழக்கம். நுரையீரலைக் கொல்லும் தூசி அது. பிரிட்டன் 1999ல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. இன்றும் பழைய காரின் பிரேக்கை ஊதாமல் ஈரமாகத் துடைக்கச் சொல்வது இதனால்தான்.

நிறம் எப்போது வந்தது?

டிஎஸ் காரில் முன் பிரேக் கியர்பாக்ஸை ஒட்டி உள்ளே ஒளிந்திருந்தது. மற்ற கார்களில் இரும்பு வீலும் கப்பும் மறைத்தன. பார்க்க முடியாத பொருளுக்கு யார் நிறம் பூசுவார்கள்? பெரிய இடைவெளியுள்ள அலாய் வீல்கள் பரவிய பிறகுதான் காலிப்பர் கண்ணில் பட்டது. உடனே விற்பனைத் துறை விழித்துக்கொண்டது! போர்ஷே நிறுவனம் நிறத்தையே விலைச்சீட்டு ஆக்கிவிட்டது: செராமிக் டிஸ்க்குக்கு மஞ்சள், ஹைபிரிட் கார்களுக்குப் பச்சை, 2017ல் வந்த மேற்பூச்சு டிஸ்க்குக்கு வெள்ளை. ஒரு டப்பா பெயிண்டின் விலைக்கும் அது குறிக்கும் பொருளின் விலைக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். சாதாரண காலிப்பருக்கு மஞ்சள் பூசினால் பார்ப்பவர் ஏமாறலாம், டிஸ்க் ஏமாறாது.

நூறு வருடம் சொல்லிக்கொடுத்த பராமரிப்பு

* ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகே வீலைக் கழற்ற வேண்டும்.
* வயர் பிரஷ்ஷால் துருவை எடுத்து, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசையைப் போக்கிய பிறகே பெயிண்ட். துருவின் மேல் பூசினால் தோலோடு உரிந்துவிடும்.
* சூடு தாங்கும் காலிப்பர் பெயிண்ட்தான் வேண்டும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை.
* டிஸ்க், பேட், பிஸ்டன் ரப்பர், ஸ்லைடு பின், காற்று எடுக்கும் நிப்பிள் ஆகியவற்றில் பெயிண்ட் படவே கூடாது. டேப் ஒட்டி மறைக்கவும்.
* ஸ்லைடு பின்னுக்கு அதற்கான சிலிகான் கிரீஸ். அது இறுகினால் ஒரு பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கிராஸ்லிக்கு வந்த அதே வியாதி!
* டாட் 3, டாட் 4 பிரேக் திரவம் பெயிண்டைக் கரைக்கும், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் இந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் நிறுவனம் சொல்லும் இடைவெளியில் மாற்றியே ஆக வேண்டும்.
* வேலை முடிந்ததும் வண்டியை எடுப்பதற்கு முன் மிதியைப் பல தடவை அழுத்திக் கெட்டியாக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் முன்னே வரும்வரை பிரேக் பிடிக்காது.

பெயிண்ட் அடிக்க வீலைக் கழற்றுபவர் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ரப்பர் கிழிந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று தானாகவே பார்த்துவிடுகிறார். நிறம் என்னவாக இருந்தாலும் சரி, அந்த ஒரு பார்வைதான் அன்றைய வேலையின் உண்மையான வரவு.