பழைய ஊற்றுப்பேனை: சேகரிப்பும் செப்பனிடலும்

1884இல் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பின் பரவிய ஊற்றுப்பேனை, இன்று சேகரிப்போரிடையே நல்ல விலைபோகிறது. அந்த மதிப்புக்கு முதல் அளவுகோல் அது எழுதுகிறதா என்பதாகவே இருக்கவேண்டும். நெம்புகோலால் மை நிரப்பும் வகைப் பேனைக்குள் மை நிற்பது இறப்பர்ப் பையில். ஆண்டுகள் செல்ல அந்தப் பை இறுகி நொறுங்கும். நயினாதீவு போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் பையை அழுத்தும் உருக்குத் தகடும் துருவேறும். பொன்முள் மட்டும் கெடாது.

பாகத்தை மாற்றினால் பழைமை போய்விடும் என்பர் சிலர். ஆனால் பையை அரக்கால் ஒட்டியதே, இளஞ்சூட்டில் கழற்றிப் புதியது பூட்டத்தான். தேயும் பாகத்தை மாற்றுவது செய்தவரின் எண்ணத்துக்கு முரணாகாது. உடலில் பொறித்த எழுத்து மறையும்வரை மெருகேற்றுவதும், வெயிலில் பழுப்பேறிய எபோனைட் என்னும் கடின இறப்பர் உடலுக்குக் கருஞ்சாயம் பூசுவதும் வேறு. அங்கே அந்த மறுப்பு முழுக்கச் சரி. அழிந்த பொறிப்பை எவராலும் மீட்க முடியாது.

செப்பனிடும் கைத்திறன் பேனை செய்யும் இடங்களை ஒட்டியும் பிழைக்கிறது. காந்தியின் சுதேசி அழைப்பை ஏற்று இராஜமுந்திரியில் பேனை செய்த இரத்தினம் குடும்பமும், எபோனைட்டைக் கடைந்து பேனையாக்கும் திருவள்ளூர் ரங்கா நிறுவனமும் அத்தகைய இடங்களுக்கு எடுத்துக்காட்டு. எங்கு செப்பனிட்டாலும், விற்பவர், மாற்றிய பாகம் எதுவென வாங்குபவரிடம் சொல்லியே விற்கவேண்டும்.