கடகடப்பின் இலக்கணம்: பழைய கார்களைச் செவியால் அறிந்த வரலாறு

தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் இரட்டைக்கிளவி என்றொன்றைப் படித்து வருகிறோம். ‘கடகட’ என்பதைப் பிரித்துக் ‘கட’ என்று தனியே நிறுத்தினால் ஓசைப்பொருள் போய்விடும். இரட்டித்து வருவதிலேயே அதன் உயிர் இருக்கிறது. பழைய கார் ஒன்றின் நோயறிவதற்கும் இதுவே முதல் விதி. ஒரேயொரு ‘டக்’ எதையும் சொல்வதில்லை. அது எதனோடு கூடி மீண்டும் மீண்டும் வருகிறது என்பதுதான் கேள்வி. இந்த அறிவு நம் பட்டறைகளில் எவ்வாறு வளர்ந்தது என்பதை எவரும் முறையாக எழுதி வைக்கவில்லை.

இதன் வேர் பற்றாக்குறையில் உள்ளது. முழுமையாகக் கட்டப்பட்ட கார்களின் இறக்குமதியை அரசு 1949இல் தடை செய்தது. இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்பது 1953ஆம் ஆண்டுச் சுங்கவரி ஆணைய அறிக்கையின் சாரம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அவை விற்றுச் சென்ற வண்டிகளோ சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. புது வண்டிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாட்டில் பழைய வண்டியைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? உதிரிபாகம் கிடைப்பது அரிதானபோது, எது கெட்டது என்று பிரித்துப் பார்க்காமலே அறிவது கட்டாயத் தேவையாயிற்று. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளை நம்பி வாழ்ந்த பட்டறைக்காரர்கள் செவியையே கருவியாக்கிக்கொண்டனர்.

பாரிசு மருத்துவர் லென்னெக் 1816இல் நோயாளியின் மார்போசையைக் குழல் வழியே கேட்டு இதயத்துடிப்பு மானிக்கு வித்திட்டார். நம் பட்டறைகளில் அந்தக் குழலின் இடத்தில் நீண்ட திருப்புளி நின்றது. அதன் முனையை எஞ்சின்மீது ஊன்றி, கைப்பிடியைக் காதருகே வைத்தால், திண்பொருள் வழியே ஓசை தெளிவாக ஏறிவரும். மேற்புறம் கேட்கும் மெல்லிய ‘டிக் டிக்’ டேப்பட் இடைவெளி மிகுந்ததைக் காட்டும். கேம்ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால் அந்த ஒலியும் பாதித் தாளத்தில் வரும். அடிப்புறத்தில், எஞ்சின் சுழலும் வேகத்திலேயே, பாரம் இழுக்கும்போது கனத்து எழும் ‘தொம் தொம்’ பேரிங் தேய்ந்ததன் அடையாளம். முன்னது சிறு செலவு. பின்னது எஞ்சினையே பிரிக்கும் செலவு. தாளம் அறியாதவர் இரண்டையும் ‘சத்தம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவார்.

வண்டி மாறியபோது இந்த அகராதியும் மாறியது. அம்பாசிடர், சென்னையில் 1961 முதல் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை பின்சக்கரத்தால் உந்தப்பட்டவை. கிளம்பும்போது அடியில் ‘டங்’ என்று ஓர் அடி விழுந்தால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் போய்விட்டது என்று முடிவு கட்டலாம். 1983 டிசம்பரில் முன்சக்கர உந்தோடு மாருதி 800 வந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்டே அதில் இல்லை. அதற்குப் பதில், ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து மெல்ல ஓட்டும்போது கேட்கும் ‘கடக் கடக்’ புதுச் சொல்லாயிற்று. அது ஆக்சில் முனை ஜாயின்ட்டின் முறையீடு. மூன்று சிலிண்டர் எஞ்சினின் இயல்பான நடுக்கத்தையும் நோய் நடுக்கத்தையும் பிரித்தறிய நான்கு சிலிண்டருக்குப் பழகிய கைகள் புதிதாகப் பயில வேண்டியிருந்தது.

இந்த மாற்றத்தைத் திருமழிசை அருகிருந்தே கண்டது. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் இவ்வூரில் சிட்கோ தொழிற்பேட்டை உண்டு. அதே சாலையில் மேலும் சென்றால் வரும் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ உற்பத்தி தொடங்கியது. சந்தத்தின் பெயரையே தாங்கிய திருச்சந்தவிருத்தத்தை அருளிய ஆழ்வாரின் ஊர் இது. தாளத்துக்குச் செவி கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சேமிப்பைத் திரட்டி முதல் காரைப் பழையதாக வாங்கும் குடும்பங்கள் சோதித்துப் பார்க்க, இதுபோன்ற நெடுஞ்சாலையும் உள்தெருக்களும் சேர்ந்தே வேண்டும். வேகம் கூடக்கூட வளரும் ஊளை, வலப்புறம் திருப்பும்போது ஓங்கினால் இடச்சக்கரப் பேரிங்கை ஐயுற வேண்டும். திரும்பும் வண்டியின் பாரம் வெளிப்புறச் சக்கரத்தில் சாய்வதே காரணம். எண்பது கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி மட்டும் ஸ்டீயரிங் உதறினால் வீல் பேலன்சிங்கையும், பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் மட்டும் உடல் முழுதும் நடுங்கினால் எஞ்சின் மவுண்டிங்கை நோக்க வேண்டும். இவை முடிந்த தீர்ப்புகள் அல்ல. எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கான குறிப்புகள்.

அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்களில் கட்டாயமான ஓபிடி 2 என்னும் நோயறி அமைப்பு இன்று நம் வண்டிகளிலும் இருக்கிறது. கருவியைச் செருகினால் பிழை எண் வருகிறது. ஆனால் அது சென்சார்கள் சொல்வதையே அறியும். ஊளையிடும் சக்கரப் பேரிங்குக்கு அதனிடம் பெரும்பாலும் எண் இல்லை. செவிக்கும் எல்லை உண்டு: சான்ட்ரோ போன்ற வண்டிகளில் உள்ள டைமிங் பெல்ட் முன்னறிவிப்பின்றி அறுந்துபோகக்கூடும். அங்கே ஓசையை நம்பாமல், மாற்றிய தேதிக்கான ரசீதைக் கேட்பதே அறிவு.

ஆகவே செவி பெரிதா கருவி பெரிதா என்பதன்று நம் வழக்கு. பற்றாக்குறை கற்றுத்தந்த செவியறிவு அந்தத் தலைமுறையின் முதுமையோடு கரைந்துகொண்டிருக்கிறது. ‘ஊதுது’, ‘தட்டுது’, ‘உதறுது’, ‘கத்துது’ என்று பட்டறை வழங்கும் ஒவ்வொரு வினையும் ஒவ்வொரு பழுதைச் சுட்டுவது. பேரகராதிகள் இச்சொற்களைத் தரலாம். அவற்றின் பட்டறைப் பொருளைத் தருவதில்லை. வட்டாரச் சொற்களைத் தேடி ஊர் ஊராக அலையும் நம் தமிழ்த்துறைகள், கையில் கிரீஸ் கறையோடு நிற்கும் இந்த ஆசான்களிடமும் ஒருமுறை குறிப்பேட்டோடு போய் உட்கார வேண்டும்.