வந்தேறிய கிளியா? கொணர்ந்த கிளியா?

ஒரு பறவையைப் பற்றி மக்களிடையே வழங்கும் கதைகள் பல வேளைகளில் அப்பறவையின் வரலாற்றைவிட அம்மக்களின் மனநிலையையே மிகுதியும் புலப்படுத்தும். இலண்டன் மாநகரில் இன்று பல்கிப் பெருகியுள்ள பைங்கிளிகள் இதற்குத் தக்க சான்றாகும். நாம் செந்தார்ப் பைங்கிளி என வழங்கும் இனமே அங்கும் வாழ்கின்றது. அந்நகரத்தார் அதனை எவ்வாறு நோக்கினர் என்பதையும், அந்நோக்கு தமிழ் கற்பார்க்கு உணர்த்துவது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியக் கிளி மேலைநாட்டார்க்குப் புதியதன்று. கிரேக்க மருத்துவர் ஒருவர், மனிதரைப் போற் பேசும் இந்தியப் பறவையொன்றைப் பற்றி ஏறத்தாழ 2,400 ஆண்டுகட்கு முன்னரே எழுதினார். உரோமர் கிளிகளைக் கூட்டில் வைத்து வளர்த்தனர். இங்கிலாந்தில் இக்கிளி கூட்டிற்கு வெளியே காணப்பட்டமைக்குரிய பழைய குறிப்பு 1855ஆம் ஆண்டினது, இடம் நார்ஃபோக். எனினும், 1969இல் கென்ட் பகுதியில் இனம்பெருக்கத் தொடங்கிய பின்னரே இது அந்நாட்டில் நிலைகொண்டது. 1983இல் பிரித்தானியப் பறவைப் பட்டியலில் இடம்பெற்றது. 2012ஆம் ஆண்டளவில் இவற்றின் தொகை 30,000க்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்டது. ஐரோப்பியக் கிளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தோர், அவற்றின் முன்னோர் பெரும்பாலும் பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் சார்ந்தவை எனக் கண்டனர். குளிர்மிக்க அப்பகுதிகளிற் பழகிய இனம் இலண்டனின் பனிக்காலத்தையும் தாங்கிற்று.

இக்கிளிகள் எவ்வாறு வந்தன? இவ்வினாவிற்கு மக்கள் இரு கதைகளை விடையாகக் கூறுவர். 1951இல் ‘ஆப்பிரிக்கன் குயீன்’ திரைப்படம் எடுத்தபோது ஐசில்வொர்த் படநிலையத்திலிருந்து கிளிகள் தப்பின என்பது ஒன்று. 1960களில் இசைக்கலைஞர் ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ் கார்னபி தெருவில் ஓர் இணையைப் பறக்கவிட்டார் என்பது மற்றொன்று. குற்றவாளியின் இருப்பிடத்தைத் துப்பறிதற்குரிய கணிதமுறையைக் கிளிகள் காணப்பட்ட இடங்களின் பதிவுகட்குப் பொருத்திப் பார்த்த ஆராய்ச்சியொன்று 2019இல் வெளிவந்தது. அஃது இவ்விரு கதைகட்கும் ஆதரவு காணவில்லை. வீடுதோறும் வளர்க்கப்பட்டவை பற்பல காலங்களில், பற்பல இடங்களில் தப்பியமையும் விடுவிக்கப்பட்டமையுமே பொருந்தும் காரணங்களாகும். 1929–1930இலும் 1952இலும் கிளிக்காய்ச்சல் பற்றிய செய்திகள் நாளிதழ்களிற் பரவின. அச்சத்தால் வளர்ப்போர் கிளிகளை வெளியேற்றியிருத்தல் கூடும் என்பதும் அவ்வாராய்ச்சியாளர் கருத்து. பெயரறியா மாந்தர் பலரின் சிறு செயல்களை மறந்து, புகழ்பெற்ற ஒருவர்மேல் நிகழ்ச்சியை ஏற்றுதல் கதை வழக்கின் இயல்பென்க.

மக்களின் மனநிலையும் இரண்டாகப் பிரிந்தது. இலையுதிர்ந்த மரங்களிற் பச்சை நிறம் பறப்பதைக் கண்டு மகிழ்ந்து உணவிடுவோர் ஒருசாரார். கீச்சொலியையும் பழத்தோட்ட அழிவையும் மரப்பொந்துகளைக் கைப்பற்றுதலையும் சுட்டி வெறுப்போர் மற்றொரு சாரார். சான்றுகளோ இருபாலார்க்கும் முழுத்துணை செய்யவில்லை. பொந்திற் கூடுகட்டும் சிறுபறவையொன்றிற்கு இடையூறு நேர்வதாகப் பெல்ஜிய ஆய்வு காட்டிற்று. இங்கிலாந்தில் 2011இல் வெளிவந்த ஆய்வு அத்தகைய குறைவைக் காணவில்லை. ஆயினும், கிளி அருகிருப்பின் உள்நாட்டுச் சிறுபறவைகள் குறைவாகவே உண்கின்றன என 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நிறுவிற்று. பயிர்க்குப் பெருங்கேடு நேராமற் காத்தற்பொருட்டுத் தனி இசைவின்றியே இவற்றைக் கொல்லலாம் என்னும் பொது இசைவு 2010இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது.

பயிரை அழிக்கும் கிளியை ஓட்டுதல் நம் அகப்பாடல்கட்கும் பழகிய செய்தியே. தழல், தட்டை, குளிர் என்பன தினைப்புனத்திற் கிளியோட்டும் கருவிகள். ஆயினும், ஐங்குறுநூற்றுக் கிள்ளைப் பத்தில் அக்கிளியே போற்றவும் படுகின்றது. அதனை ஓட்டவன்றோ தலைவி புனத்திற்கு வந்தாள்? பயிர்க்கேட்டை மறையாமலும் பறவையை வெறுக்காமலும் நோக்கிய நெறி இது. ஆயின், ஒப்புமைக்கு எல்லை உண்டு. குறிஞ்சிக் கிளி அந்நிலத்திற்கே உரியது; கருப்பொருளுள் ஒன்று. இலண்டன் கிளியோ பிறந்த நிலத்தினின்று பிரிக்கப்பட்டது. ஆகவே, பொந்திற்கும் உணவிற்கும் அது பிற பறவைகளோடு போட்டியிடுவதைப் புறக்கணித்தல் தகாது.

ஈண்டுத் தமிழாசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. இத்தகைய உயிரினங்களை ‘வந்தேறி’ எனத் தமிழில் எழுதுவோர் உளர். அச்சொல் மனிதரை இழித்தற்கும் ஆளப்படுவது. உயிரியற் கலைச்சொல்லாயின், ஆராய்வதற்கு முன்னரே தீர்ப்பை வழங்கிவிடும். இக்கிளியைப் பொறுத்தவரை அது பொருளாலும் பிழையாகும். கிளி தானே கடல் கடந்து ஏறவில்லை, வணிகராற் கூட்டில் அடைத்துக் கொணரப்பட்டது. பிற நிலத்தினின்று கொணரப்பட்ட யாவற்றையும் ‘அயலினம்’ என்றும், அவற்றுள் கேடு விளைத்தல் சான்றால் நிறுவப்பட்டவற்றை மட்டும் ‘கேடுசெய் அயலினம்’ என்றும் வேறுபடுத்தி வழங்குதல் நன்று. முன்னது தோற்றம் பற்றிய பெயர். பின்னது ஆய்வின் முடிபு. இவ்விரண்டும் மயங்காவாறு சொல்லமைப்பின், மாணவர் ஒவ்வோர் இனத்திற்கும் உரிய சான்றைத் தேடிய பின்னரே அதற்குரிய பெயரை வழங்குவர்.