நாய் முடியும் ஒரு வெள்ளாமைதான்



டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க போன் பண்ணா முன்னெல்லாம் மழை பேஞ்சுதா, பருத்தி என்ன விலைன்னு கேப்பாங்க. இப்ப அதோட சேர்த்து நாயைப் பத்தியும் கேக்குறாங்க. "வீடு பூரா முடி கொட்டுதுண்ணே. சோபாவுல முடி, துணியில முடி, தோசைத் தட்டுலயும் முடி. வெயிலுக்கு மொட்டை அடிச்சு விட்டுறவா?" இதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா இந்த முடிக்குப் பின்னாடி பெரிய கதை ஒண்ணு இருக்கு. அது தெரிஞ்சா சீப்பை எடுக்க அலுப்பு வராது.

முதல்ல முடி ஏன் கொட்டுதுன்னு பாப்போம். குளிர் நாட்டு நாய்க்கு ரெண்டு அடுக்கு முடி. மேல நீளமா, கொஞ்சம் விறைப்பா இருக்கிறது மேல்முடி. மழை, பனி, வெயில் தோலுக்குப் போகாம அது தடுக்கும். அதுக்கு அடியில பஞ்சு மாதிரி உள்முடி. அது குளிருக்குப் போர்வை. பகல் பொழுது நீளுறதும் குறையுறதும்தான் நாய் உடம்புக்குக் காலண்டர். குளிர் முடிஞ்சு பகல் நீண்டதும் உள்முடி கொத்துக் கொத்தா உதிரும். குளிர் வர்றதுக்கு முன்னாடி பழசு கொஞ்சம் போய், புதுசு அடர்த்தியா முளைக்கும். நம்ம பக்கம் சித்திரைக்கும் மார்கழிக்கும் பகல் பொழுதுல பெரிய வித்தியாசம் கிடையாது. போதாததுக்கு வீட்டுல ராத்திரி பத்து மணி வரைக்கும் லைட் எரியுது. அதனால அந்த நாய்க்குக் காலக்கணக்கு குழம்பிப்போய், வருசம் பூரா கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக்கிட்டே இருக்கும். குட்டி போட்ட பெட்டை நாய்க்கு இன்னும் அதிகமா கொட்டும்.

எங்க கரிசக்காட்டு உயிர்களைப் பாருங்க. வேம்பூர் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். இந்த வெயில்ல அது போர்வை போத்திக்கிட்டு என்ன செய்யும்? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நம்ம நாய்களும் அப்படித்தான், உடம்போட ஒட்டின குட்டை முடி. 2005-ல தபால் துறை நம்ம நாட்டு நாய்களுக்கு நாலு தபால்தலை போட்டாங்க. அதுல ராஜபாளையமும் இமயமலை மேய்ச்சல் நாயும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, எந்த சீமைக்கு எந்தச் சட்டைன்னு சொல்லாமலே புரியும். நம்ம நாய்க்கும் முடி கொட்டத்தான் செய்யும். ஆனா ஈரக்கையால ரெண்டு தடவை தடவி விட்டா வேலை முடிஞ்சுது.

அப்ப சடை முடி நாய் நம்ம தெருவுக்கு எப்படி வந்துச்சு? நாம பொம்மரேனியன்னு கூப்பிடுறோமே, அந்தப் பேரு பால்டிக் கடலோரத்துல இருக்கிற பொமரேனியாங்கிற ஊர்ப்பக்கத்துல இருந்து வந்தது. 1888-ல விக்டோரியா மகாராணி இத்தாலிக்குப் போனப்ப அங்க மார்க்கோன்னு ஒரு நாயை வாங்கினாங்க. அவங்க வளர்த்ததைப் பாத்து அந்த ஜாதிக்குச் சீமையில மவுசு கூடிருச்சு. வெள்ளைக்காரங்க இங்க கொண்டுவந்த அந்த வகை நாய்களோட வழியில வந்ததுதான் இந்தியன் ஸ்பிட்ஸ். வெளிநாட்டு நாயை இறக்குமதி பண்றது கஷ்டமா இருந்த எண்பது, தொண்ணூறுகள்ல வீட்டுக்கு வீடு வெள்ளை ஸ்பிட்ஸ்தான். 1994-ல வந்த ஒரு இந்திப் படத்துல டஃபின்னு ஒரு நாய் வந்துச்சே, அதுவும் இந்த ஜாதிதான். வெயிலுக்கு ஓரளவு பழகிருச்சு, ஆனா சடை முடி போகலை.

இந்தப் பொம்மரேனியன் பேரு உலகத்தோட இன்னொரு மூலையில இருக்கிற ஒரு நாய்க் கதையிலயும் வருது. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

1792-ல ஜார்ஜ் வான்கூவர்னு ஒரு இங்கிலீஷ்காரக் கப்பல் கேப்டன் அமெரிக்காவோட மேற்குக் கரைக்குப் போனாரு. இப்ப வாஷிங்டன் மாநிலமும் கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவும் இருக்கிற கடலோரம். அங்க சாலிஷ் ஜனங்களோட ஊர்ல நிறைய நாயைப் பாத்தாரு. பொம்மரேனியன் மாதிரியே இருக்கு, ஆனா கொஞ்சம் பெருசு. செம்மறி ஆட்டுக்குக் கத்தரிக்கிற மாதிரி அதுக்கெல்லாம் ஒட்டக் கத்தரிச்சிருக்கு. கத்தரிச்ச முடி எவ்வளவு அடர்த்தின்னா, ஒரு முனையைப் பிடிச்சுத் தூக்கினா பிரியாம பெரிய பாளமா எந்திரிக்குமாம். இதையெல்லாம் அவரு எழுதி வச்சிருக்காரு.

அந்த ஜனங்களுக்கு நாய் முடி ஒரு வெள்ளாமை. அந்த நாய்கள் பெண்களோட சொத்து. வேட்டை நாயோட கலந்துட்டா முடி கெட்டுரும்னு தனித் தீவுலயோ பட்டி போட்டோ வச்சு வளர்த்தாங்க. தீனி மீன். கத்தரிச்ச முடியில எண்ணெய்ப் பிசுக்கு போக வெள்ளை மண்ணைத் தூவி அடிப்பாங்க. அப்புறம் மலையாட்டு முடி, செடிப் பஞ்சு எல்லாம் சேர்த்து நூத்துப் போர்வை நெய்வாங்க. பெரிய விசேஷத்துல அதைப் போத்துறதும் அன்பளிப்பா கொடுக்கிறதும் கௌரவம். போர்வை வச்சிருந்தவங்கதான் பணக்காரங்க.

அந்த நாய் இன்னிக்கு உலகத்துல ஒண்ணுகூட இல்லை.

கம்பெனிக்காரன் மலிவா மில் கம்பளி கொண்டுவந்து வித்தான், அதனால நாய் வளர்க்கிறதை விட்டுட்டாங்கன்னுதான் ரொம்ப நாளா சொன்னாங்க. அந்த ஜனங்களோட பெரியவங்க சொல்றது வேற. அம்மை நோய் வந்து ஊர் ஊரா ஜனங்க செத்தாங்க. மிச்சமிருந்தவங்களோட நெசவையும் சடங்கையும் அரசாங்கமும் பாதிரிமாரும் நசுக்கினாங்க. வளர்க்கிற கையே போன பிறகு நாய் எங்க இருக்கும்? வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல ஒரே ஒரு நாயோட தோல் மட்டும் இருக்கு. 1859-ல செத்த அந்த நாய்க்குப் பேரு மட்டன். சிரிக்காதீங்க, நெசமாவே அதான் பேரு. அதோட மரபணுவை ஆராய்ஞ்சு 2023-ல வெளியிட்டாங்க. ஏறக்குறைய 5000 வருசத்துக்கு முன்னாடியே மத்த நாய்கள்ல இருந்து பிரிஞ்ச வம்சம்னு தெரிய வந்துச்சு. அத்தனை ஆயிரம் வருசம் ஒரு வம்சத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாத்தினது பொம்பளைங்க கைதான்.

இந்தக் கதை எனக்கு மனசுல நிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க ஊரை ஒட்டிப் போற நால்வழிச் சாலை ஓரத்துல வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு சடை நாயைக் கார்ல கொண்டுவந்து இறக்கி விட்டுட்டுப் போயிடுறாங்க. போன பங்குனியில ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ் கிடந்துச்சு. கழுத்துல பெல்ட் இருக்கு. காதுக்குப் பின்னாடியும் தொடையிலயும் முடி சிக்குப் பிடிச்சு வரட்டி மாதிரி ஆகி, அதுக்கு அடியில புண்ணு, புண்ணுல புழு. டாக்டர் வந்து மருந்து போட்டாரு. என் வீட்டுக்காரம்மா மூணு நாள் உக்காந்து சிக்கெடுத்தா. சாக்கு நிறைய முடி வந்துச்சு. அதுக்கு வந்த சீக்கெல்லாம் சீப்பு படாததுதான்.

சரி, வீட்டுல எப்படிச் சீவுறது?

குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி சீவணும். சிக்கு முடியில தண்ணி பட்டா இறுகிரும். திண்ணையிலயோ மொட்டை மாடியிலயோ நாயை நிக்க வச்சு, முதல்ல பல் அகலமான சீப்பு. பின்னங்கால்ல ஆரம்பிச்சு மேல வாங்க. ஒரு கையால முடியை ஒதுக்கிப் பிடிச்சு, அடியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா, முடி படிஞ்சிருக்கிற வாக்குலயே சீவணும். அப்புறம் கம்பி பிரஷ். தோலு சிவக்கிற அளவுக்கு அழுத்தக்கூடாது. சிக்கு இருந்தா விரலால பிரிச்சுப் பாருங்க. காதுக்குப் பின்னாடி, அக்குள், வால் அடி, இந்த மூணு இடத்தையும் விட்டுடாதீங்க. சீவும்போதே காதுக்குள்ளயும் விரலிடுக்குலயும் உண்ணி இருக்கான்னு பாத்துருங்க. கொட்டுற காலத்துல தினம் பத்து நிமிசம், மத்த நாள்ல வாரம் ரெண்டு தடவை போதும்.

மொட்டை மட்டும் அடிக்காதீங்க. மேல்முடி போனா வெயில் நேரா தோல்ல இறங்கும். சில நாய்க்கு முடி திரும்ப ஒழுங்கா முளைக்கிறதும் இல்லை. உள்முடியைச் சீவி எடுத்துட்டாலே உடம்புக்குக் காத்து போகும். உதிர்ற முடி உடம்பு பூரா சமமா உதிரும். வட்ட வட்டமா சொட்டை விழுந்தாலோ, தோல் சிவந்து ஓயாம சொறிஞ்சாலோ, அது நோய். கால்நடை டாக்டர்கிட்ட போயிருங்க.

சீவி எடுத்த முடியை நான் எருக்குழியில போட்டு மேல சாணியைத் தள்ளிருவேன். மக்க நாளாகும், ஆனா மண்ணுக்குத் தழைச்சத்து. மருந்து தெளிச்ச நாய் முடியா இருந்தா மட்டும் போடுறதில்லை.

நாய் வாங்கணும்னு நினைக்கிறவங்க ஒரு கணக்குப் போட்டுக்கோங்க. சடை நாய் வேணும்னா தினம் பத்து நிமிசம் அதுக்குன்னு ஒதுக்கணும், பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு. முடியாதுன்னு தோணுச்சுன்னா குட்டை முடி நாட்டு நாய்க்குட்டி ஒண்ணைக் கொண்டுபோங்க. எங்க தெருவுலயே இப்ப நாலு குட்டி இருக்கு.