ஜாடிக்குள் என்ன இருந்தது?

தோஹா தொழில்பேட்டையிலிருந்து, நம்மவர்கள் சொல்கிற சனையாவிலிருந்து பேசுகிறேன். சுற்றிலும் கிடங்குகளும் மரப்பெட்டிகளும்தான். பழைய பீங்கான் ஜாடிகளைச் சேர்ப்பது பற்றிப் பேச இது பொருத்தமான இடம். இன்று அலங்காரமாக நிற்கும் பல ஜாடிகள் தம் காலத்தில் இந்த மரப்பெட்டியின் வேலையைத்தான் செய்தன.

1998இல் இந்தோனேசியாவின் பெலிட்டுங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கிடைத்தது. ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல். உள்ளே ஏறத்தாழ 60,000 பாண்டங்கள். பெரும்பாலானவை சீனாவின் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒன்றில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதி இருக்கிறது. கிண்ணங்களைப் பெரிய பச்சை ஜாடிகளுக்குள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். ஜாடிதான் பெட்டி.

அதே காலத்தில் பாஸ்ரா குயவர்கள் சீன வெண்மைக்கு ஆசைப்பட்டார்கள். அவர்களிடம் அந்த வெள்ளைக் களிமண் இல்லை. சாதாரண மண்ணில் வனைந்து, வெள்ளீயம் கலந்த பூச்சால் வெளுப்பாக்கி, மேலே கோபால்ட் நீலத்தில் எழுதினார்கள். 2008இல் திறந்த தோஹா இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் அந்த வகைக் கிண்ணங்களைப் பார்க்கலாம். பெலிட்டுங் கப்பலிலோ நீலம் தீட்டிய சீனத் தட்டுகள் மூன்று இருந்தன. அவற்றின் அலங்காரம் மேற்காசிய ரசனைக்கு ஏற்றது என்கிறார்கள் அறிஞர்கள். பதினான்காம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்தெஜென் சூளைகள் பாரசீகக் கோபால்ட்டை வரவழைத்தன. எது அசல், எது நகல் என்று பிரிப்பது கடினம்.

நம் கரையும் இந்த வழியில்தான் இருந்தது. இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் நொபொரு கராஷிமாவும் தமிழகத்து ஆய்வாளர்களும் சீனப் பாண்டங்களின் ஓடுகளைக் கண்டார்கள். அதே பதினான்காம் நூற்றாண்டில் பயணம் செய்த இப்னு பதூதா, தனக்குப் பரிசாக வந்த மர்த்தபான் ஜாடிகளைக் குறிப்பிடுகிறார். உள்ளே இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய், எல்லாம் கடல் பயணத்துக்காக உப்பிட்டவை. மர்த்தபான் என்பது பர்மாவின் துறைமுகம். வட இந்தியாவில் இன்றும் ஊறுகாய் ஜாடிக்கு அதுவே பெயர்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழைய ஜாடி வாங்குபவர் நிறத்தையும் உயரத்தையும் பார்க்கிறார். வரவேற்பறைக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதாது. பெரியபட்டினத்து ஓட்டை யாரும் கூடத்தில் வைக்கமாட்டார்கள். ஆனால் அது எந்த ஊரில் கிடைத்தது என்று நமக்குத் தெரியும். ஊர் தெரியாத முழு ஜாடியைவிட அது அதிகம் பேசும்.

இது சின்ன விஷயம் அல்ல. பெலிட்டுங் பாண்டங்களை வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கும் திட்டம் 2011இல் கைவிடப்பட்டது. வணிக நிறுவனம் ஒன்று விற்பனை நோக்கில் கப்பலைத் தோண்டியெடுத்தது, முறையான அகழாய்வு நடக்கவில்லை என்று தொல்லியலாளர்கள் எதிர்த்தார்கள். பொருள் தப்பித்தது, அது கிடந்த நிலை பற்றிய சான்றுகளில் ஒரு பகுதி போய்விட்டது என்பது அவர்கள் வாதம். பழைய வீட்டை இடிக்கும்போது நாமும் அதையே செய்கிறோம்.

இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பிப் புது வீடு கட்டுகிறவர்கள் இந்த அமர்வில் பலர் இருக்கிறீர்கள். பழைய ஜாடியை விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் முதலில் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, உள்ளே இருந்தது புளியா, உப்பா, எண்ணெயா? ஒரு தாளில் எழுதி ஜாடிக்குள் போடுங்கள். அடியில் முத்திரை இருந்தால் தேய்த்துக் கழுவாமல் படம் எடுத்துவையுங்கள். அதற்குப் பிறகு பூ வைப்பதானால் வையுங்கள்.